ஹால் பெரிதாகத் தெரியும்

பீரோவை நகர்த்திவிட்டால் ஹால் பெரிதாகத் தெரியும் என்று புரோக்கர் பெள்ளிராஜ் நேற்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து ருக்குமணிக்கு அந்தப் பீரோவைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. இப்போதும் அதன் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டுதான் நிற்கிறாள். மார்கழிக் குளிரையெல்லாம் குடித்து வைத்திருக்கிற இரும்பு, உள்ளங்கை விறைத்துப் போகிறது, கையை எடுக்கலாம், எடுத்தால் தள்ள வேண்டும், தள்ள மனசில்லை, ஆகவே எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. கோத்தகிரியில் இந்தப் பனிமூட்டத்தை மஞ்சு இறங்கிவிட்டது என்பார்கள். இறங்கி, பேரிக்காய் மரத்தை எடுத்துக்கொண்டு, துணி காயும் கம்பியை எடுத்துக்கொண்டு, மேலே ரோட்டுக்கு ஏறும் படிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இப்போது கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்கிறது. எங்கேயோ பழைய பாய் எரிகிற வாசம். போகிப் புகையும் மஞ்சும் கலந்து எது எது என்று பிரிக்க முடியவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் கோயமுத்தூரிலிருந்து கிளம்பிவிட்டார்களாம், பெள்ளிராஜ் போன் பண்ணினான். இந்த மஞ்சில் மலை ஏறுவார்களா. குஞ்சப்பனை வரைக்கும் வந்து, டீ குடித்து, பயந்து, திரும்பிப் போய்விட்டால் நல்லது. என்ன நல்லது, வரச் சொன்னதே நீதானே என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள். வரட்டும். மார்கழியில் வீடு பார்க்கலாம், பேச்சை முடிக்கத்தான் கூடாது. நாளைக்குத் தை பிறந்ததும் முன்பணம் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்தப் பீரோ எங்கே நின்றால் என்ன.

ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை, அது ஒரு சௌகரியம். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணாதவர்கள் யார். விற்பதற்காகச் செய்த அத்தனையையும் அவள் பொங்கலின் தலையில் போட்டாள். ஒட்டடை அடித்தது பொங்கலுக்கு. கால் ஒடிந்த நாற்காலியையும் பெஞ்சையும் வெளியே போட்டது போகிக்கு. ஐப்பசி மழைக்கு வருஷா வருஷம் சமையலறைச் சுவரில் எழும்பி வருகிற ஈரக்கறையை மறைத்து வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தது, அதுவும் பொங்கலுக்கு. பாவம் பொங்கல், எத்தனையைத்தான் தாங்கும். பெயின்ட் அடிக்க வந்தவன் அன்றைக்கே சொன்னான், இந்தக் குளிருக்கு இது காயாதுங்கக்கா, வெயில் காலத்துல பண்ணியிருக்கோணும் என்று. வெயில் காலத்தில் சொல்லிக்கொள்ள ஒரு பொங்கல் கிடையாதே, அதை அவனிடம் எப்படிச் சொல்வது. கரி அடுப்பை மூட்டி அறை அறையாக வைத்துப் பார்த்தார்கள். கரி தீர்ந்தது, சுவர் இன்னும் பிசுபிசுக்கிறது. கதவு மறைவில் அவள் விரல் வைத்துப் பார்த்த இடத்தில் நாலு விரலும் அப்படியே பதிந்திருக்கின்றன. வருகிறவர்கள் தொட்டுப் பார்க்காமல் இருக்க வேண்டும். கோயமுத்தூர்க்காரர்கள் தொட மாட்டார்கள், கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள். தொடுகிறவர் ஒருத்தர் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். குளியலறையில் வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்கிறது, சொம்பு அண்டாவில் முட்டுகிறது, ஊற்றுகிறார், முட்டுகிறது. புருஷன் ஆறுச்சாமி குளித்து முடிப்பதற்குள் பீரோவைத் தள்ளியாக வேண்டும். வீட்டை விற்கப் போகிறோம் என்று குடும்பத்தில் அவரிடம் மட்டும்தான் அவள் சொல்லவில்லை. அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா என்று திருப்பூரிலிருந்து மகள் சுகன்யா கேட்டாள். நானே சொல்றேன் என்று சொன்னாள். கார்த்திகையில் சொன்னது. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அடுப்பில் பால் பொங்கும், இல்லாவிட்டால் அவருக்கு இருமல் வரும், இல்லாவிட்டால் ரேடியோவில் செய்தி வரும். பாலும் இருமலும் செய்தியும் இல்லாத சமயங்களும் வந்தன. அப்போதெல்லாம் அவள் எழுந்து போய் எதையாவது துடைத்தாள்.

சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார். தெரியும் ருக்கு என்பார். அவருக்கு எதுதான் தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் ஓட்டுகிற பஸ்ஸில் முதல் தடவை மேட்டுப்பாளையம் போனாள், இதே மார்கழி, இதே மஞ்சு. எஞ்சின் மூடிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்த்தி வைத்திருந்தார், காலுக்குக் கதகதவென்று இருந்தது, எதிரே கண்ணாடியில் வெறும் வெள்ளை. கண்டக்டர் டார்ச் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எறங்கி முன்னால நடக்கட்டுமாண்ணே என்று கேட்டார். மஞ்சு அடர்ந்தால் அதுதான் வழக்கம், கண்டக்டர் ரோட்டின் ஓரத்தைக் காட்டிக்கொண்டு முன்னால் நடப்பார், பஸ் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு எறும்பாக ஊரும். மற்ற டிரைவர்கள் எல்லாரும் நடக்கச் சொல்வார்கள். இவர் சொல்ல மாட்டார். வேண்டாம்யா, தெரியுது, நீ உக்காரு என்றார். புதுப் பெண்டாட்டி பக்கத்தில் இருக்கிறாளே, தெரியாமல் இருக்குமா. வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார், ஒரு பக்கம் பாறை உரசுவது மாதிரி கிட்டத்தில் வந்து போனது, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை, அந்த ஒன்றுமே இல்லாததுதான் பள்ளம் என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. மேட்டுப்பாளையத்தில் வெயிலைப் பார்த்த பிறகு கேட்டாள், ஏனுங்க, நெசமாலுமே தெரிஞ்சுதுங்களா. அவர் சிரித்தார். ரோடு தெரியல. ரோடு எங்க இருக்குதுன்னு தெரியும் என்றார். அவளுக்குப் பயமாக இருந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது, அந்த வயசில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ஒரு ஒழுங்கு மட்டும் அவரிடம் கடைசிவரை மாறவில்லை. மஞ்சோ வெயிலோ, பின்னாலிருந்து போலாம் ரைட் என்று குரல் வராமல் வண்டியை ஒரு அங்குலம் எடுக்க மாட்டார். வீட்டில்கூட வேலைக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் அப்படியே நிற்பார். சின்னப் பிள்ளை சுகன்யா சமையலறையிலிருந்து வாயில் இட்லியோடு போலாம் ரைட் என்று கத்துவாள், அதற்கப்புறம்தான் படியேறுவார். சொம்பு முட்டுகிறது. ஊற்றுகிறார். இன்னும் நேரமிருக்கிறது.

கண்ணுக்குள் பிரஷர் என்று டாக்டர் சொன்னபோது ரிட்டையராகி இரண்டு பொங்கல் போயிருந்தது. சொட்டு மருந்து போட்டார்கள், ஒரு கண்ணில் ஆபரேஷன் பண்ணினார்கள், போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். இருப்பது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். தெரியுதுங்களா என்று அவள் கேட்பாள், தெரியுது என்று அவர் சொல்வார். பேரிக்காய் பூத்திருக்குது, தெரியுதுங்களா. தெரியுது. சுகன்யா போட்டோ அனுப்பியிருக்கறா, தெரியுதுங்களா. தெரியுது, இளைச்சுட்டாளே. இதிலேதான் அவள் ஏமாந்தாள். இந்தப் பாழாய்ப்போன தமிழில் கண்ணுக்குத் தெரிவதற்கும் மனசுக்குத் தெரிவதற்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், புருஷன் அதன் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டார். பெயின்ட் வேலைக்காக டீப்பாயை எடுத்து உள்ளே போட்ட அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. டீயைக் குடித்து முடித்தார், பேசிக்கொண்டே டம்ளரைப் பக்கத்தில் வைத்தார். டீப்பாய் எப்போதும் இருக்கும் உயரத்தில், அது எப்போதும் இருக்கும் இடத்தில், சத்தம் வராமல் மெதுவாக, வெறும் காற்றின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். டம்ளர் விழுந்து உருண்டு ஹால் முழுக்கச் சுற்றியது. கை வழுக்கிடுச்சு என்றார். ஆமாங்க, குளிருக்கு வெரல் மரத்துப் போகுது என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். மறுநாள் சாயங்காலம் கரண்ட் இல்லை. இருட்டோடு இருட்டாக அவள் உட்கார்ந்திருக்கும்போது அவர் உள்ளே வந்தார், வழக்கம்போல சுவிட்சைத் தட்டினார், இருட்டுல என்ன பண்றே, இப்பத் தெரியுதா பாரு என்றார். அவளுக்கு ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு பாதியிலேயே வேறொன்றாக மாறியது. தெரியுதுங்க என்றாள்.

அன்றிலிருந்து அவரைப் பின்னால் நின்று பார்ப்பதே வேலையாகப் போனது. கள்ளத்தனமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தாள். கட்டிலிலிருந்து எழுந்தால் நாலெட்டு கோணலாக வைத்துக் கதவு நிலைக்கு வருவார். நிலையை முழங்கை தொடும். அங்கிருந்து நடை வழியே நேராக வந்து, நடை ஹாலில் சேருகிற இடத்தில் வலது புறங்கையைக் கொஞ்சம் விலக்குவார், விரல் முட்டி பீரோவின் மேல் பட்டும் படாமல் உரசும், உரசியதும் வளைவில் பஸ் திரும்புகிற மாதிரி உடம்பே ஒரு திரும்பு திரும்பி நாற்காலிக்கு வந்து சேரும். அவரைப் பார்க்கிற எவரும் குருடர் என்று சொல்ல மாட்டார்கள். பெள்ளிராஜ் வணக்கம் சொன்னால் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிப்பார், அவனுக்கே தெரியாது. சுகன்யாவுக்குத் தெரியாது. பீரோவுக்குத்தான் தெரியும். இப்போது ருக்குமணி கை வைத்திருக்கிற இதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை நிறம் தேய்ந்து வெறும் இரும்பு பளபளக்கிறது. இத்தனை நாளும் துணி வைத்துத் துடைக்கிறபோதெல்லாம் துருப்பிடிக்கப் போகுது, கொஞ்சம் பெயின்ட் பூச வேண்டும் என்று நினைத்தாளே தவிர, எதனால் தேய்ந்தது என்று நினைக்கவில்லை. இத்தனை தேய்வதற்கு எத்தனை நாளாகியிருக்கும். எத்தனை நாளாக இவர் இருட்டில் தனியாக நடந்துகொண்டிருக்கிறார், பக்கத்திலேயே ஒருத்தி படுத்துக்கொண்டு, பேரிக்காய் பூத்திருக்குது பாருங்க என்று சொல்லிக்கொண்டு. அவளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. சொல்லியிருக்கலாம் அல்லவா. சொன்னால் என்ன குறைந்துபோவார்.

விற்காமல் இருந்துவிட்டால். இந்த இடத்துக்கு நினைப்பு வந்தால் செக்கு மாதிரி சுற்றும். விற்காவிட்டால் அந்தப் படிகள் இருக்கின்றன. போன ஆடி மழையில் பாசி வழுக்கி, ரோட்டிலிருந்து பாதி தூரத்தில் விழுந்து கிடந்தாள், காய்கறிப் பை கவிழ்ந்து கேரட் உருண்டு போவதைப் படுத்தபடியே பார்த்தாள். ஏனுங்க, ஏனுங்க என்று கூப்பிட்டாள். அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்று, ருக்கு, ருக்கு என்று திரும்பக் கூப்பிட்டாரே ஒழிய ஒரு படி ஏறவில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றார். யாரோ தோட்டத்துப் பெண்கள் வந்து தூக்கிவிட்டார்கள். என்ன மனுஷன் இவர், பெண்டாட்டி விழுந்து கிடக்கிறாள், மழைக்குப் பயந்து நிற்கிறாரே என்று அன்றைக்கு மனசுக்குள் வைதாள். சுகன்யாவுக்குப் போன் பண்ணி, எங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிரு, இங்க இனிமேல் முடியாது என்று சொன்னதும் அந்தக் கோபத்தில்தான். அப்படித்தான் இந்த விற்பனை தொடங்கியது. அன்றைக்கு அவர் ஏன் ஏறவில்லை என்று தெரிந்திருந்தால் தொடங்கியிருக்குமா. தெரிந்திருந்தாலும் முழங்கால் முழங்கால்தானே, அடுத்த ஆடிக்கும் பாசி பிடிக்கத்தானே செய்யும். இவள் விழுந்து எழுந்திருக்காமல் போனால் இவருக்குச் சோறு யார் போடுவார்கள். சரி, விற்றுவிட்டுப் போனால். திருப்பூரில் சுகன்யா வீட்டுப் பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாள், லிப்ட் இருக்கிறது, படியே கிடையாது. அங்கே சுவர் எங்கே, கதவு எங்கே, தண்ணீர்ப் பானை எங்கே. இந்த வீட்டில்தான் அவர் டிரைவர். அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததும் கண் தெரியாத கிழவர் ஆகிவிடுவார், ஒரே நாளில், எல்லார் முன்னாலும். நாற்காலியில் உட்கார வைத்தால் உட்கார்ந்தபடி இருப்பார். போலாம் ரைட் சொல்ல ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், போவதற்கு இடமும் இருக்காது. அவர் கண்ணை டாக்டர் எடுக்கவில்லை, நான்தான் எடுக்கப் போகிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கையை வெடுக்கென்று பீரோவிலிருந்து எடுத்துவிட்டாள். பீரோவின் கால்களுக்கு அடியில் பெயின்டர் சாக்குத் துண்டுகளைச் செருகிவிட்டுப் போயிருக்கிறான், சிவப்புச் சிமென்ட் தரையில் ஒரு தள்ளு தள்ளினால் போதும், வழுக்கிக்கொண்டு போகும். மஞ்சு ஜன்னலிலேயே நின்றது. வீடே மெதுவாக எங்கேயோ நகர்ந்து போகிற மாதிரி இருந்தது, அவளும் பீரோவும் அதற்குள் நின்றுகொண்டு, யாரும் ஓட்டாமல். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. சொம்புச் சத்தம் எப்போது நின்றது என்றும் தெரியாது.

நிலையில் முழங்கை பட்டது. விபூதி வாசமும் சோப்பு வாசமும் வெந்நீர்ச் சூடும் நடையில் வந்தன. புறங்கை விலகியது, பீரோவில் உரசியது, அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னும் தள்ளலையா?" என்றார் ஆறுச்சாமி.

"எதைங்க?"

"இதைத்தான். நேத்து பெள்ளிராஜ் சொன்னானல்ல, தள்ளுனா ஹால் பெருசாத் தெரியும்னு."

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"பெயின்ட்டு டப்பாவத் தொறந்தன்னைக்கே தெரியும். நம்ம வீட்டுல பொங்கலுக்குச் சுண்ணாம்பத் தவிர வேற என்னத்த அடிச்சோம்? சுண்ணாம்பு நீத்துற வாசமே வரல. காசக் கொட்டிப் பெயின்ட்டு அடிக்கறோம்னா அது நமக்கில்ல, வேற எவனுக்கோன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஊரையெல்லாம் ஏய்த்தாயிற்று, மூக்கை மறந்தாயிற்று. பொங்கலின் தலையில் எல்லாவற்றையும் போட்டவள், ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்து வாசலில் வைத்திருந்தால் போதும். இதைக்கூட யோசிக்காமல் போனோமே என்று அவளுக்கு அந்த நேரத்திலும் ஒரு வெட்கம் வந்தது.

"தெரிஞ்சும் ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவீன்னு இருந்தேன்."

"நீங்க மட்டும் சொன்னீங்களா?" என்றாள். குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியாதுன்னா இருந்தீங்க?"

அவர் தலைமுடியிலிருந்து தண்ணீர் தோளில் சொட்டியது. கையிலிருந்த துண்டால் துடைக்கவும் தோன்றாமல் பீரோவைத் தொட்டபடி நின்றார். மழையில் வாசலில் நின்றாரே, அதே நிற்பு. அன்றைக்குப் பார்க்கத் தவறியதை இன்றைக்கு அவள் பார்த்தாள்.

"அந்த டம்ளர் விழுந்த அன்னைக்கா?" என்றார் கடைசியில்.

"அன்னைக்குத்தானுங்க."

"கை வழுக்கிடுச்சுன்னதும் நீ ஆமான்ன. அப்பவே எனக்கும் சந்தேகந்தான். எப்பவும் நீ அப்படி ஒடனே ஒத்துக்கறவ இல்லையே." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "படியில விழுந்தியே, அன்னைக்கு மொதப் படி எங்கன்னு தேடுனேன் ருக்கு. கால வெச்சு வெச்சுப் பாத்தேன். மழைச் சத்தத்துல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. அன்னைக்கே இந்த வீட்ட வித்துரலாம்னு நெனச்சுட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்."

அவள் முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். துண்டு அவர் கையிலேயே இருந்தது, அது இருவருக்கும் நினைவில்லை.

"செரி, புடி," என்றார். "வர்றவங்க வர்றதுக்குள்ள தள்ளிருவோம்."

"வேண்டாமுங்க. இது இல்லீன்னா நீங்க..."

"புடி ருக்கு."

இருவரும் தோளைக் கொடுத்தார்கள். பீரோ ஒரு முனகலோடு கிளம்பி, சாக்கின் மேல் வழுக்கி, உள்ளறைச் சுவரோரம் போய் நின்றது. ஹால் நிஜமாகவே பெரிதாகிவிட்டது. அது இருந்த இடத்தில் தரை மட்டும் புதுச் சிவப்பாக, யாரும் மிதிக்காமல் பளிச்சென்று கிடந்தது. ஆறுச்சாமி நடைக்குத் திரும்பினார், வழக்கமான இடத்தில் புறங்கையை விலக்கினார். கை போய்க்கொண்டே இருந்தது. ஒன்றிலும் படவில்லை. அவர் ஒரு கால் எடுத்த நிலையில் நின்றார், விரல்கள் காற்றில் விரிந்து மூடின, அந்த முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒரு பயம் வந்தது.

"தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டாள், பழக்க தோஷம்.

"தெரியல ருக்கு," என்றார். "ஒண்ணும் தெரியல."

கண் மங்கிய பிறகு அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. அழ வேண்டும் என்று இருந்தது, ஆனால் மேலே ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, பெள்ளிராஜின் குரல் மஞ்சுக்குள்ளிருந்து பாத்து எறங்குங்க சார், வழுக்கும் என்று யாருக்கோ சொன்னது. அழ நேரமில்லை. அவள் போய் அவருக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்தாள். வெந்நீரில் ஊறிய கை, சூடாக இருந்தது.

"சொவத்துப் பக்கம் சாஞ்சுராதீங்க, இன்னும் காயல," என்றாள்.

"அங்க திருப்பூர்ல?"

"அங்கயும் நாந்தான் முன்னால நடப்பேன்."

"செரி, நட."

அவள் ஒரு எட்டு வைத்தாள். தோளில் இருந்த கை பின்னுக்கு இழுத்தது, அவர் நகரவில்லை. படிகளில் செருப்புச் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஏனுங்க, வாங்க என்றாள். அவர் அப்படியே நின்றார், தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதற்கோ காது கொடுக்கிற மாதிரி. என்ன இவர், இந்த நேரத்தில் என்று திரும்பிப் பார்க்கப் போனவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"போலாம் ரைட்," என்றாள்.